நாகதாளி பிடுங்கிய இடம்

நெடுங்கண்டல் தேசியப் பூங்காவின் வரவேற்பு மண்டபத்தில் பதினொரு பலகைகள் தொங்குகின்றன. பதினொன்றையும் எழுதியவள் பிரேமிளா. முதலாவது பலகை கடல்நீரேரி எப்படி உண்டானது என்று சொல்லும். மூன்றாவது, காட்டுக்குள் உடைந்து கிடக்கும் குளக்கட்டையும் அதன் செங்கற்களையும் சொல்லும். ஆயிரத்து அறுநூறு வருசப் பழமை. நாலாவது, வெள்ளைக்காரன் ஒருவன் குதிரையில் வந்து பறவைகளை எண்ணிய கதை. ஐந்தாவதில் நேரே பூநாரை வந்துவிடும். குதிரைக்காரனுக்கும் பூநாரைக்கும் இடையில் அந்த மண்ணில் ஒரு குஞ்சு குருமான்கூட இருக்கவில்லை என்பதுபோல.

இருந்தது. பாலைக்குடியிருப்பு என்று நாற்பத்திரண்டு குடும்பம் இருந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் அடிவாங்கித் தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்த சனம். காடு வெட்டி, கிணறு வெட்டி, கச்சானும் சோளமும் போட்டு முப்பது வருசம் குந்தியிருந்த இடம். பிரேமிளா பிறந்த இடம். அதையும் ஒரு பலகைக்கு எழுதித்தான் கொடுத்தாள். தமிழ் பேசும் சிங்களப் பொறுப்பதிகாரி வாசித்துவிட்டுச் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்தார்.

“மிஸ், டூரிஸ்ட் வாறது குருவி பாக்க. இந்த ஊருக்குக் காணி உறுதி இருக்கா? பேமிற் இருக்கா? பேப்பர் இல்லாததை நான் எப்பிடி போர்ட்டில போடுறது?”

கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை பிடிக்கவாவது சுகமாக இருந்திருக்கும்.

தன் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் பிரேமிளா. தாவரவியல் படித்தாள். பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவிவிட்டு ஒரு வருசம் வீட்டில் இருந்தாள். பிறகு கிடைத்தது இந்த ஒப்பந்த வேலை: வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் மரத்தையும் பறவையையும் காட்டி, வாயால் விளக்கம் சொல்லுவது. வேலை கிடைத்த அன்றே அவளுடைய தாய் சிவலட்சுமி கேட்டுவிட்டாள்.

“உள்ளாரதான வேல பாக்குற? ஒரு நாளு என்னயும் கூட்டிட்டுப் போயிரேன் பாப்பா. அவன ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்.”

அவன் என்றால் சதீஸ். பிரேமிளாவின் தம்பி. இரண்டாயிரத்து எட்டு, கார்த்திகை மழை, போரில் பாதை மூடியிருந்த நேரம், மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான். பிரேமிளாவுக்கு அப்போது ஒன்பது வயது. தொற்றிவிடும் என்று அவளைத் தண்ணீரூற்று என்ற ஊரில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் தம்பியின் முகத்தையும் பார்க்கவில்லை, புதைத்த இடத்தையும் பார்க்கவில்லை. அடுத்த மாதமே ஊர் எழும்பி ஓடியது. ஓடிய ஓட்டத்தின் கடைசியில் தகப்பன் பரமேஸ்வரன் இல்லாமற்போனார். அவரைத் தேட ஓர் இடம் என்றே கிடையாது. மகனுக்காவது இருந்தது. “கெணத்துக்குக் கெழக்கால” என்பாள் சிவலட்சுமி. பதினேழு வருசமாக அவள் கையில் மிஞ்சியிருந்த விலாசம் அது ஒன்றுதான்.

“சட்டம் இருக்கு அம்மா. பாதையை விட்டு ஒருத்தரும் இறங்கேலாது.”

“நீ எறங்குற.”

“நான் உத்தியோகம்.”

“ஓகோ. நான் பெத்தவ மட்டுந்தான்.”

இந்தக் கதை மாதம் ஒருமுறை குசினிக்குள் நடக்கும். ஒவ்வொரு முறையும் பிரேமிளா சோற்றுக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு எழும்பிப் போவாள். ஆத்திரம் தாயில் இல்லை. தாய் சொல்வது சரி என்பதில்.

ஆனியில் ஒரு நாள் விஜிதரன் என்ற மனிதர் வந்தார். அறுபது வயது இருக்கும். உரும்பிராயில் பிறந்து, அமெரிக்காவில் டென்னசி என்ற மாநிலத்தில் முப்பது வருசமாக இருக்கிறவர். தலையில் அகலத் தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி, சட்டைப்பையில் ஒரு சின்னப் புத்தகம். அந்த நாட்டுத் தேசியப் பூங்காக்களுக்குப் போகும்போதெல்லாம் அதில் முத்திரை குத்தி வாங்குவாராம். நாற்பத்தொரு முத்திரை சேர்ந்திருந்தது.

“உங்களிட்ட முத்திரை இல்லையோ பிள்ளை?”

“எங்களிட்ட குழாய்த் தண்ணியே இல்லை ஐயா. முத்திரைக்கு எங்க போறது?”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜீப்பை ஓட்டியவன் காவலாளி ஜெயந்தன், நாயாற்றுப் பக்கத்துப் பெடியன், அவனும் சிரித்தான்.

பூங்காவின் சி பிரிவுக்குள் ஜீப் நுழைந்தபோது இடப்பக்கம் ஒரு வெளி தெரிந்தது. புதுப் புல், நடுவில் பாதிவரை போட்ட நடைபாதை. பறவைக் கோபுரத்துக்குப் போவதற்கென்று போடுவது. பிரேமிளா வழக்கமான விளக்கத்தைத் தொடங்கினாள். இந்த வெளி முழுக்க நாகதாளி மூடிக்கிடந்தது. ஊருக்குரிய செடியல்ல, அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்த முள்ளுக் கள்ளி. விட்டால் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மாசியில் வேரோடு பிடுங்கி எரித்தாயிற்று.

“அட, எங்கட ஊர்ச் சாமானைப் பிடுங்கிப்போட்டீங்கள்,” என்றார் விஜிதரன். “அங்க பார்க்குக்குள்ள அதில ஒரு மடல் முறிச்சாலும் தண்டம் அடிப்பாங்கள், தெரியுமோ?”

“இஞ்ச பிடுங்கினதுக்கு எனக்குச் சான்றிதழ் தந்தவை.”

பிறகு அவர் வெளியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இது முந்தி ஆக்கள் இருந்த இடமோ? அங்கால புளி நிக்குது, வரிசையா மா நிக்குது. காடு வரிசையா மா வைக்காதே.”

வந்துபோன நூற்றுக்கணக்கான பேரில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பிரேமிளா ஓம் என்றாள். எங்கட ஊர் என்றாள். பிறகு, கேட்காமலே, தம்பி உள்ளுக்குத்தான் கிடக்கிறான் என்றும் சொல்லிவிட்டாள். ஜெயந்தன் ஜீப்பை நிறுத்திவிட்டான்.

விஜிதரன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “எங்கட பக்கத்தில ஸ்மோக்கி மலை எண்டு ஒரு பெரிய பார்க். அதுவும் ஆக்களை எழுப்பிப்போட்டுத்தான் செய்தது. ஒரு பக்கத்தில அணை கட்டி, ரோட்டும் தண்ணிக்குள்ள போயிட்டுது. புது ரோட்டுப் போட்டுத் தாறம், உங்கட சவக்காலைக்குப் போய்வரலாம் எண்டு எழுதிக் குடுத்தவங்கள். போடேல்லை.”

“அங்கையும் ஏமாத்துத்தானோ?”

“சுத்த ஏமாத்து. ஆனா சனம் விடேல்லை. சண்டை பிடிச்சுதுகள். இப்ப வருசத்தில குறிச்ச நாளுக்குப் பார்க்காரரே போட்டில ஏத்திக்கொண்டுபோய் விடுறாங்கள். சனம் கல்லைத் துடைச்சுப் பூ வைச்சு, கொண்டுபோன சோத்தை அதிலயே இருந்து சாப்பிட்டிட்டு வரும். நானும் ஒருக்கால் போனனான். எனக்கு அங்க ஒருத்தரும் இல்லை. சும்மா போனனான்.” அவர் கைப்பேசியில் படத்தைக் காட்டினார். மரங்களுக்கு நடுவே சிறிய கற்கள், பிளாஸ்ரிக் பூ, மடக்குக் கதிரையில் ஒரு கிழவி, பக்கத்தில் சீருடையோடு பூங்காக்காரன் ஒருவன் கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கோழிக்காலைத்தான் பிரேமிளாவால் தாங்க முடியவில்லை.

அன்றிரவே கடிதம் எழுதினாள். அமெரிக்காவில் என்ன நடைமுறை, எந்தப் பூங்கா, எந்த நாள் என்று எல்லாம் போட்டு, விஜிதரன் அனுப்பிய படத்தையும் அச்செடுத்து ஒட்டினாள். ஊருக்குப் பேப்பர் கேட்டால் இல்லை. அமெரிக்காவுக்குப் பேப்பர் இருக்கிறது. பொறுப்பதிகாரி இரண்டு கிழமை அதை மேசையில் வைத்திருந்தார். பிறகு கூப்பிட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் நீங்களும். ஜெயந்தன் கூட வரும். நாலு மணிக்குள்ள வெளிய.” ஒரு படிவத்தை முன்னால் தள்ளினார். “இடத்தைக் கண்டா ஜிபிஎஸ் புள்ளியை இதில எழுதுங்க, அம்மாவின்ர கையெழுத்து வைங்க. பாதையை அதில இருந்து தள்ளிப் போடலாம். ஒவ்வொரு வருசமும் ஒரு நாள் வரவும் நான் மேல எழுதி அனுமதி எடுக்கலாம். ஒரு இடம், ஒரு புள்ளி. அது இல்லாம எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது மிஸ்.”

சிவலட்சுமி ஞாயிற்றுக்கிழமை விடிய முன்னமே குளித்துவிட்டாள். ஒரு சின்னப் போத்தலில் பால், ஒரு பக்கற் மாரி பிஸ்கற், கற்பூரம், ஒரு நீலச் சட்டை. மூன்று வயதுக்குரிய அளவு.

காட்டு வாயிலில் ஜீப்பிலிருந்து இறங்கி, ஒரு வீரை மரக் கொப்பை முறித்து மரத்தடிப் பிள்ளையாருக்கு வைத்துக் கும்பிட்டாள். வன்னிக் காட்டுக்குள் போகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

“அன்ரி, பார்க்குக்குள்ள கொப்பு முறிச்சாக் கேஸ்,” என்றான் ஜெயந்தன்.

“கேசப் புள்ளையாரு மேல போடுங்க தம்பி. அவருக்குத்தான் குடுத்தேன்.”

வழி நெடுகச் சிவலட்சுமி வாய் ஓயவில்லை. இது மாரியாயி வீடு, இதுல பள்ளிக்கூடக் கொட்டில், இந்தப் புளியிலதான் ஒங்கப்பா விழுந்து கைய ஒடச்சிக்கிட்டாரு. ஐம்பத்திரண்டு வயதுக்காரி சின்னப்பெட்டைபோல முன்னால் ஓடினாள். பிரேமிளா தன் தாயை இப்படிக் கண்டதேயில்லை. மாமர வரிசையைத் தாண்டி வெளிக்குள் வந்ததும் சிவலட்சுமி நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள்.

“நாகதாளி எங்க?”

“எந்த நாகதாளி?”

“ஒங்கப்பா நட்டது. எல்லாம் சொத்தையாப் போயிருந்தாலும் அது சாவாதே. அதப் பாத்துத்தான் வந்திரலாம்னு இருந்தேன்.”

சிவலட்சுமி வெளியைப் பார்த்தபடியே சொன்னாள். புதைத்து இரண்டாம் நாள் நரி வந்து மண்ணைக் கிண்டியிருந்தது. பரமேஸ்வரன் மழையோடு மழையாகச் சைக்கிளில் நாயாற்றுக் கரைக்குப் போய், சாக்கு நிறைய நாகதாளி மடல் வெட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையின் மேல் நெருக்கி நட்டார். மிஞ்சியதை அங்குமிங்கும் எறிந்தார்.

“கை ரெண்டும் வீங்கிப் போச்சு. ஊசி வச்சு ஒரு கெழம முள்ளு எடுத்தேன். இனி நம்ம இல்லாட்டியும் பயமில்லடி, அவன ஒருத்தனும் தொட மாட்டான்னு சொன்னாரு.”

ஜெயந்தன் பிரேமிளாவைப் பார்த்தான். பிறகு சப்பாத்தைப் பார்த்தான்.

மாசியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் வந்தார்கள். பதாகை பிடித்துப் படம் எடுத்தார்கள். கையுறை, மண்வெட்டி, அலவாங்கு. எல்லோருக்கும் முன்னால் நின்றவள் பிரேமிளா. மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்திலும் அவள் பிடுங்கினாள். இது தன் ஊர் என்று அவளுக்குத் தெரியும். இந்த முள்ளு மூடியிருப்பதால்தான் தம்பியின் இடம் தெரியவில்லை, முள்ளை எடுத்துவிட்டால் ஒரு கல்லாவது, ஒரு மேடாவது வெளியே வரும் என்று நம்பிப் பிடுங்கினாள். ஒன்றும் வரவில்லை. அன்று மாலை களைத்துப்போய், இன்னும் கிழக்கே தேடவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நாலு வருசம் படித்துப் பட்டம் எடுத்தவளுக்கு, கள்ளி ஏன் அங்கே நின்றது என்று ஒரு நிமிசம் கேட்கத் தோன்றவில்லை. எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரிந்திருந்தது.

“அம்மா, நாங்கதான் பிடுங்கினனாங்கள்.”

“யாரு நாங்க?”

“நான்.”

சிவலட்சுமி திரும்பி மகளின் கைகளைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒண்ணுகூட மிச்சம் வைக்கலியா?”

“ஒரு மடல் விட்டாலும் முளைச்சிடுமெண்டு எரிச்சுப்போட்டம்.”

“தோண்டுனப்ப எதும் பாத்தியா? எலும்பு கிலும்பு?”

“இல்லை அம்மா. ஒரு அடிக்கு மேல தோண்டேல்லை.”

“ஒங்கப்பா இடுப்பளவு தோண்டுனாரு.” சிவலட்சுமி மூச்சை விட்டாள். “அப்பன்னா உள்ளதான் இருக்கான்.”

அவள் திட்டியிருக்கலாம். மயிரைப் பிடித்து இழுத்து முதுகில் நாலு போட்டிருக்கலாம். பிரேமிளா அதற்காகத்தான் நின்றாள். தாய் அடிக்கவில்லை. புல்லில் உட்கார்ந்து, பால் போத்தலின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தாள்.

பிறகு பிரேமிளாவுக்கு நினைவு வந்தது. பிடுங்க முன்னம் ஒவ்வொரு கள்ளிப் பற்றையையும் அவள் பதிந்திருந்தாள். எண், இடம், உயரம். அவ்வளவு ஒழுங்கான பிள்ளை. கைப்பேசியில் கோப்பைத் திறந்தாள். இந்த வெளியில் பத்தொன்பது பற்றை. பத்தொன்பதில் ஒன்று தம்பி. ஜெயந்தன் ஒரு தடியை எடுத்துப் புல்லைக் கிளறிக்கொண்டு போய், அரைமணி நேரத்தில் கத்தினான்: “மிஸ், கிணத்துக்கட்டு!” தூர்ந்துபோன கிணற்றின் சீமெந்து விளிம்பு, ஒரு முழ நீளம், மண்ணுக்குள் கிடந்தது.

அங்கிருந்து கிழக்கே போனார்கள். கைப்பேசி சொன்ன கணக்குப்படி அந்தத் திசையில் மூன்று பற்றை நின்றிருக்கிறது. ஒன்றுக்கும் மற்றதற்கும் நாலைந்து காலடி எட்டுத்தான் தூரம். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். பிரேமிளா மூன்றிலும் ஒவ்வொரு குச்சி நட்டாள்.

“எத்தினை எட்டு அம்மா, கிணத்தில இருந்து?”

“எண்ணிக்கிட்டா பொதைப்பாங்க?”

“மரம் ஏதாவது? நிழல்?”

“மழ பேஞ்சிச்சு. எனக்கு மண்ணுதான் தெரிஞ்சிச்சு.”

சிவலட்சுமி முதல் குச்சியடியில் போய் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். எழும்பி இரண்டாவதற்குப் போனாள். மூன்றாவதற்குப் போனாள். திரும்பவும் முதலாவதற்கு. ஜெயந்தன் மாமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கடைசியில் சிவலட்சுமி பாலை மூன்றாகப் பிரித்து ஊற்றினாள். பிஸ்கற்றையும் மூன்று பங்கு வைத்தாள். சட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்து, விரித்து, மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்றே முக்காலுக்கு அலுவலகத்துக்கு வந்தார்கள். பொறுப்பதிகாரி ஞாயிற்றுக்கிழமையிலும் வந்து காத்திருந்தார். ஜெயந்தன் சிங்களத்தில் நடந்ததைச் சொன்னான். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“அம்மா, மூண்டில ஒண்டைச் சொல்லுங்க. நான் வந்து தோண்டிப் பாக்கப் போறதில்லை. ஒரு நம்பர் போதும்.”

“ஒண்டைச் சொல்லுங்கோ அம்மா,” என்றாள் பிரேமிளா. “நடுவில இருக்கிறதைச் சொல்லுங்கோ. அப்பதானே வருசா வருசம் வரலாம். பாதையும் தள்ளிப் போகும்.”

“ஒண்ணச் சொன்னா மத்த ரெண்டு மேலயும் பாத போடுவாங்கதானே?”

அதிகாரி பேனையை விரலால் உருட்டினார்.

“அவன் அதுல ஒண்ணுல இருந்தா? நானே கையெழுத்துப் போட்டு எம்புள்ள மேல ரோட்டப் போடச் சொல்லவா? மூணையும் எழுதிக்கங்க ஐயா.”

“ஒரு ஆளுக்கு மூண்டு இடம் எண்டு எழுத ஏலாது அம்மா. மேல இருக்கிறவை சிரிப்பினம்.”

“அப்ப வேணாம்.”

“அம்மா!”

“வேணாம்னா வேணாம் பாப்பா. இத்தினி வருசம் பாக்காமத்தான இருந்தேன்.”

படிவம் வெறுமையாக மேசையில் கிடந்தது. அதிகாரி பேனையை மூடினார். பிரேமிளா மேசையை உதைத்திருப்பாள். ஆரை உதைப்பது என்றுதான் தெரியவில்லை. அந்த மனிதரையா, படிவத்தையா, பதினேழு வருசத்துக்கு முந்தின மழையையா? வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றதும் சொன்னாள்:

“நாளைக்கு நான் வேலையை விடுறன். இவங்கட பார்க்கும் வேண்டாம், குருவியும் வேண்டாம்.”

சிவலட்சுமி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் பஸ் வரவில்லை.

“விடாத,” என்றாள் கடைசியில். “என்னய இனி உள்ள விட மாட்டாங்க. நீ ஒருத்தியாச்சும் போய் வா.” பஸ் வந்து நின்றதும்: “மூணு எடத்தையும் மிதிக்காம நட.”

அவ்வளவுதான் அவள் சொன்ன தண்டனை. அன்றைக்கும், அதற்குப் பிறகும், நாகதாளி என்ற சொல்லை அவள் வாயில் எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை குசினியில் நடக்கும் சண்டையும் நின்றுபோயிற்று. பிரேமிளா அந்தச் சண்டைக்காக ஏங்கினாள்.

நடைபாதை புரட்டாதியில் முடிந்தது. சிவப்புக் கல் பதித்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கிணற்றுக்குக் கிழக்கே, மூன்று குச்சி நட்ட இடத்தின் மேலாக, நேர்கோடாகக் கோபுரத்துக்குப் போனது. முதல் கூட்டம் கொழும்பிலிருந்து வந்த பதினாலு பேர். பிரேமிளா முன்னால் நடந்தாள். சொல்லவேண்டியதெல்லாம் சொன்னாள், பூநாரை எங்கிருந்து வரும், எத்தனை மாதம் நிற்கும். வெளியின் நடுவில் வந்ததும் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கினாள். பெரிய வட்டமாகச் சுற்றி வரச் சொன்னாள்.

“மிஸ், பாதையை விட்டு இறங்க வேண்டாம் எண்டு பலகையில போட்டிருக்கே,” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. “நேராப் போகேலாதோ?”

“ஏலாது,” என்றாள் பிரேமிளா. “இங்கால வாங்கோ.”